வீட்டு வைஃபையை ஒழுங்காகப் பூட்டுவது எப்படி: மொபைல் நம்பரைப் பாஸ்வேர்டாக வைத்திருப்பவர்களுக்கு

2021-ல் இடோ ஹூர்விட்ச் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இஸ்ரேலின் டெல் அவிவ் நகரத் தெருக்களில் சுற்றி 5,000 வைஃபை நெட்வொர்க்குகளின் தகவலைச் சேகரித்தார். எந்த வீட்டுக்குள்ளும் அவர் போகவில்லை, யாருடைய ரவுட்டரையும் தொடவில்லை, காற்றில் வந்ததைப் பதிவு செய்துகொண்டார், அவ்வளவுதான். அப்புறம் அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பாஸ்வேர்டுகளைத் தேடியபோது 70 சதவீதம் உடைந்தன. அவற்றில் பெரும்பாலானவை வீட்டுக்காரர்களின் மொபைல் எண்கள்.

இதைப் படிக்கும்போது உங்கள் வீட்டுப் பாஸ்வேர்டு என்ன என்று ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் இணைப்பு கொடுக்க வருபவர் "என்ன பாஸ்வேர்டு வைக்கட்டும் சார்?" என்று கேட்பார், நாம் ஏதோ வேலையில் இருப்போம், "நம்பரையே வெச்சிடுங்க" என்று சொல்லிவிடுவோம். பத்து இலக்கம், மறக்காது, விருந்தாளிக்கும் சொல்வது எளிது. அந்தப் பத்து இலக்கம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. இந்தக் கட்டுரையே அந்தக் கணக்குக்காகத்தான். வைஃபை பாதுகாப்பு பற்றிப் பெரிய பெரிய பெயர்களோடு செய்திகள் வருகின்றன, அவற்றில் சில உண்மையிலேயே முக்கியமானவை, ஆனால் சாதாரண வீடு உடைவது அவற்றால் அல்ல. ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டாலும் அணைக்காமல் விட்ட ஒன்றிரண்டு பழைய வசதிகளாலும்தான் உடைகிறது. ஒரு மாலைப் பொழுது போதும், எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம்.

தொடங்கும் முன் ஒன்று. இங்கே சொல்வதெல்லாம் உங்கள் சொந்த ரவுட்டருக்கு. பக்கத்து வீட்டு நெட்வொர்க்கில் "சும்மா முயற்சி செய்து பார்ப்பது" இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆவது பிரிவின்படி குற்றமாகலாம். மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

என் வைஃபையில் யாராவது புகுந்தால் என்ன, கொஞ்சம் டேட்டா போகும், போகட்டுமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய சம்பவம். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் ஐபி முகவரியைத் தேடிப் போன போலீஸ் நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த ஃபிளாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவருடைய பாதுகாப்பில்லாத வைஃபை வழியாக வேறு யாரோ அதை அனுப்பியிருந்தார்கள். விசாரணைக்கு உட்கார வேண்டியிருந்தது அவர்தான். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு உங்கள் வீட்டு ஐபி முகவரிதான் தெரியும், அதை யார் பயன்படுத்தினார்கள் என்பது தெரியாது.

முதலில்: இப்போது உங்களிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஆண்ட்ராய்டு ஃபோனில் வைஃபை செட்டிங்ஸுக்குள் போய் இணைந்திருக்கும் நெட்வொர்க்கைத் தொட்டால் பாதுகாப்பு வகை என்ன என்று காட்டும். விண்டோஸ் 11-லும் வைஃபை விவரங்களில் அது இருக்கும். ஐஃபோனில் நெட்வொர்க் பெயருக்குக் கீழே பலவீனமான பாதுகாப்பு என்ற எச்சரிக்கை வந்தால் ரவுட்டர் பழைய முறையில் ஓடுகிறது என்று அர்த்தம். அங்கே நீங்கள் பார்க்கப்போவது டபிள்யூஇபி, டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும், அல்லது இரண்டு கலந்து இருக்கும்.

இதில் டபிள்யூஇபி 1997-ல் வைஃபையோடு சேர்ந்தே வந்த முதல் பூட்டு. அதன் கோளாறு புரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும், அதனால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். டபிள்யூஇபி பயன்படுத்தும் ஆர்சி4 என்ற குறியாக்க (என்கிரிப்ஷன்) முறையில் ஒரே சாவியை ஒரே மாதிரி இரண்டு முறை பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்தினால் இரண்டு செய்திகளையும் ஒப்பிட்டே உள்ளே இருப்பதை ஊகிக்க ஆரம்பித்துவிடலாம். அதைத் தவிர்க்கத்தான் அனுப்பும் ஒவ்வொரு தகவல் துண்டுக்கும் (பாக்கெட்) சாவியோடு ஒரு மாறும் எண்ணைச் சேர்த்தார்கள். ஆனால் அந்த எண்ணுக்கு ஒதுக்கியது வெறும் 24 பிட். மொத்தம் சுமார் 1.67 கோடி எண்கள்தான், போக்குவரத்து அதிகமுள்ள நெட்வொர்க்கில் அது சில மணி நேரத்தில் தீர்ந்து மறுபடி பழைய எண்களே வர ஆரம்பிக்கும். அதைவிட மோசம், அந்த எண்ணைச் சாவியோடு ஒட்டிய விதம். 2001-ல் ஃப்ளூரர், மாண்டின், ஷமீர் மூவரும் அந்த ஒட்டலில் சாவியின் துணுக்குகள் வெளியே கசிவதைக் காட்டினார்கள். 2007-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் இதை ஒரு நிமிடத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். இங்கே பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் ஓட்டை பூட்டின் அமைப்பிலேயே இருக்கிறது.

ஓட்டை தெரிந்தபிறகும் அப்படியே விட்டவர்களுக்கு என்ன ஆனது என்பதற்கு அமெரிக்காவின் டிஜேஎக்ஸ் கடை நிறுவனம் சாட்சி. 2005-லேயே அதன் கடை வைஃபை வழியாக ஆட்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள், அப்போதும் அங்கே ஓடியது டபிள்யூஇபி. 2007-ல் விஷயம் வெளியே வந்தபோது குறைந்தது 4.57 கோடி கார்டு எண்கள் போயிருந்தன.

சரி, உங்கள் ஃபோனில் டபிள்யூஇபி என்று காட்டினால் ரவுட்டர் செட்டிங்கில் புதிய முறை இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் அந்த ரவுட்டரைத் தூக்கிப் போடுங்கள். இதில் பேரம் பேச ஒன்றுமில்லை.

ரவுட்டருக்குள் நுழைவது

ரவுட்டரின் அடியிலோ பின்பக்கமோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள முகவரியை பிரவுசரில் அடியுங்கள், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஜியோ ரவுட்டர் என்றால் 192.168.29.1. முடிந்தால் லேப்டாப்பை ரவுட்டரோடு கேபிளில் இணைத்து இதைச் செய்யுங்கள். வைஃபையில் இருந்துகொண்டே வைஃபையை மாற்றினால் நடுவில் அறுபடும். அறுபட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது, புதுப் பாஸ்வேர்டு போட்டு மறுபடி இணைந்தால் போதும்.

உள்ளே போனதும் முதல் வேலை அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது. இது வைஃபை பாஸ்வேர்டு இல்லை, ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் நுழையும் பாஸ்வேர்டு. பெயரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின் என்று வைத்திருக்கும் ரவுட்டர்கள் ஏராளம். இப்படி விட்டால் உங்கள் வைஃபையில் இணையும் எவரும், விருந்தாளியின் ஃபோனில் இருக்கும் கெட்ட ஆப் உட்பட, ரவுட்டரையே தன் வசமாக்கலாம். வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட் என்ற வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். அது சேவை நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்து உங்களால் அணைக்க முடியாவிட்டால் அவர்களிடம் கேளுங்கள்.

குறியாக்க முறையையும் பாஸ்வேர்டையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள்

ஒரே நேரத்தில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: எதை மாற்றினாலும் டிவி, கேமரா, பிரிண்டர், அம்மாவின் ஃபோன் என்று எல்லாவற்றையும் மறுபடி இணைக்க வேண்டிவரலாம். அந்த வேலையை ஒருமுறை செய்தால் போதுமே.

வயர்லெஸ் செக்யூரிட்டி என்ற பக்கத்தில் ஒரு பட்டியல் விரியும். டபிள்யூபிஏ3 இருந்து, வீட்டிலுள்ள கருவிகள் எல்லாம் புதியவை என்றால் அதையே வையுங்கள். பழையவையும் இருந்தால் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறை. டபிள்யூபிஏ3 இல்லவே இல்லை என்றால் டபிள்யூபிஏ2, அதிலும் குறியாக்கம் ஏஇஎஸ் மட்டும். இந்த "மட்டும்" முக்கியம். டிகேஐபி, ஏஇஎஸ் இரண்டும் சேர்ந்தது என்று ஒரு தேர்வு இருக்கும், பல ரவுட்டர்களில் அதுதான் முன்பே போட்டிருக்கும், பழைய கருவிகளும் இணையட்டும் என்பதற்காக. டிகேஐபி என்பது டபிள்யூஇபி உடைந்த அவசரத்தில் 2003-ல், பழைய வன்பொருளிலேயே ஓட வேண்டும் என்று செய்த ஒட்டுவேலை. 2008-லேயே அதன் மேல் முதல் தாக்குதல் வந்துவிட்டது. பாதுகாப்பு பற்றிக் கவலைப்படாதவர்களும் இதை மாற்ற ஒரு காரணம் இருக்கிறது: டிகேஐபியில் இணையும் கருவிக்கு வைஃபையின் புதிய வேகங்கள் கிடைக்காது, 54 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். நூறு, இருநூறு எம்பிபிஎஸ்ஸுக்குப் பணம் கட்டிவிட்டு ஏன் மெதுவாக இருக்கிறது என்று தவிப்பவர்கள் இதையும் ஒருமுறை பாருங்கள்.

இப்போது பாஸ்வேர்டு. டபிள்யூபிஏ2-வில் ஃபோன் ரவுட்டரோடு இணையும்போது பாஸ்வேர்டு காற்றில் போவதில்லை. இருவருக்கும் பாஸ்வேர்டு தெரியும் என்பதற்கான சான்றுதான் நான்கு செய்திகளாகப் பரிமாறப்படுகிறது. இதை ஹேண்ட்ஷேக் என்பார்கள். சிக்கல் என்னவென்றால் அந்த நான்கு செய்திகளும் திறந்த வெளியில் போகின்றன. தெருவில் நிற்கும் ஒருவர் அவற்றைப் பதிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போய், "பாஸ்வேர்டு இதுவாக இருந்தால் இந்தச் சான்று வருமா?" என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். உங்கள் ரவுட்டருக்கு அது தெரியவே தெரியாது. ஏடிஎம்மில் தவறான பின் போட்டால் கார்டு முடங்குவது போல இங்கே எதுவும் முடங்காது, ஏனென்றால் சோதனை நடப்பது அவருடைய கம்ப்யூட்டரில். யாராவது புதிதாக இணையும் வரை அவர் காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் ஃபோனை ஒரு போலிச் செய்தியால் துண்டித்தால் அது தானாகவே மறுபடி இணையும், அப்போது பதிவு செய்யலாம். ஹேஷ்கேட் என்ற பாஸ்வேர்டு உடைக்கும் கருவியை உருவாக்கிய யென்ஸ் ஷ்டொய்பே 2018-ல், பல ரவுட்டர்களிடமிருந்து ஒரே ஒரு செய்தியைக் கேட்டு வாங்கியே சோதனையைத் தொடங்கலாம், வீட்டில் யாரும் வைஃபையில் இல்லாவிட்டாலும் சரி என்று காட்டினார். டெல் அவிவில் நடந்தது இந்த வழியில்தான்.

ஒவ்வொரு ஊகத்தையும் மெதுவாக்க டபிள்யூபிஏ2-வில் ஓர் ஏற்பாடு உண்டு: பாஸ்வேர்டையும் நெட்வொர்க் பெயரையும் கலந்து 4,096 சுற்று அரைத்தபிறகுதான் சாவி வரும். அப்படியிருந்தும் ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற ஒரே ஒரு கேமிங் கார்டு விநாடிக்குச் சுமார் 25 லட்சம் ஊகங்களைச் சோதித்துவிடும். இப்போது கணக்கைப் போடுங்கள். இந்திய மொபைல் எண் 6, 7, 8, 9 என்ற நான்கில் ஒன்றில் தொடங்கும், மீதி ஒன்பது இலக்கம் எதுவாகவும் இருக்கலாம், ஆக மொத்தம் 400 கோடி. விநாடிக்கு 25 லட்சம் என்றால் 1,600 விநாடி. அரை மணி நேரம்கூட இல்லை, அதற்குள் இந்தியாவில் இருக்கக்கூடிய எல்லா மொபைல் எண்களையும் சோதித்து முடித்துவிடலாம். பிறந்த தேதியா? நூறு வருடத்துக்கும் சேர்த்து 36,500 சொச்சம் தேதிகள்தான், ஒரு விநாடிகூட ஆகாது. வண்டி நம்பர் வைத்திருப்பவர்கள்: டிஎன்-னுக்குப் பிறகு இரண்டு இலக்கம், இரண்டு எழுத்து, நான்கு இலக்கம், சுமார் 67 கோடி, ஐந்து நிமிடத்துக்குள் முடியும். சாமி பெயரோ பிள்ளை பெயரோ போட்டுப் பின்னால் @123 சேர்ப்பது அதைவிடச் சீக்கிரம் உடையும், பெயர்ப் பட்டியலோடு இந்த மாதிரி வால்களை ஒட்டிப் பார்ப்பதற்கென்றே அந்தக் கருவிகளில் விதிகள் இருக்கின்றன. எழுத்துகளைத் தாறுமாறாகப் போட்டாலும் எட்டு சிறிய ஆங்கில எழுத்துகள் ஒரு நாள் தாங்குவது கடினம்.

அப்போ என்னதான் வைப்பது? என் பரிந்துரை, சம்பந்தமில்லாத ஐந்து சொற்கள். ஓர் அகராதியை எடுத்துப் பார்க்காமல் பக்கத்தைத் திறந்து விரல் வைத்த இடத்தில் இருக்கும் சொல்லை எடுங்கள், ஐந்து முறை. நீங்களாக யோசித்து எடுக்காதீர்கள், யோசித்தால் வீடு, அம்மா, மழை என்று எல்லோருக்கும் வருவதுதான் வரும். கொட்டாங்குச்சி, நிலுவை, படகோட்டி, துவரை, ஏலம் என்று வந்தால் அதை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள் (இந்த ஐந்தையே வைத்துவிடாதீர்கள்). தமிழ் எழுத்திலேயே வைக்கலாமே என்று தோன்றும், ஆனால் வைஃபை பாஸ்வேர்டு விதிப்படி ஆங்கில விசைப்பலகையில் உள்ள எழுத்துகளும் எண்களும் குறிகளும்தான் செல்லும், நீளம் 8 முதல் 63 வரை. சுமார் 7,800 சொற்கள் கொண்ட சிறிய பட்டியலிலிருந்து ஐந்தை எடுத்தாலே, அந்தப் பட்டியல் எது என்று தாக்குபவருக்குத் தெரிந்திருந்தாலும், மேலே சொன்ன ஒரு கார்டுக்கு எல்லாவற்றையும் சோதிக்க மூன்று லட்சம் வருடத்துக்கு மேல் ஆகும். ஆயிரம் கார்டு வைத்திருந்தாலும் கவலையில்லை. வீட்டில் பெரியவர்களுக்குச் சிரமமாக இருக்குமே என்று தயங்க வேண்டாம், ஒருமுறை போட்டுக் கொடுத்துவிட்டால் ஃபோன் ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஒரு தாளில் எழுதிப் பீரோவுக்குள் வைப்பதில் தப்பே இல்லை; தெருவில் நிற்பவர் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது.

நெட்வொர்க் பெயரையும் இப்போதே மாற்றுங்கள். சாவி அரைக்கும்போது பெயரும் சேருகிறது என்று சொன்னேன் இல்லையா, அதனால் பலரும் வைத்திருக்கும் பொதுவான பெயர்களுக்கு முன்கூட்டியே அரைத்து வைத்த அட்டவணைகள் இருக்கின்றன. உங்கள் பெயர், கதவு எண், ரவுட்டர் மாடல் எதுவும் இல்லாத ஒரு தனிப் பெயராக இருக்கட்டும்.

டபிள்யூபிஏ3 பற்றி இரண்டு வார்த்தை. அதில் சான்றுப் பரிமாற்றமே வேறு மாதிரி. பதிவு செய்துகொண்டு போய் வீட்டில் சோதிக்க முடியாது, ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரோடு நேரடியாகப் பேச வேண்டும். மிகப் பெரிய முன்னேற்றம். 2019-ல் மாத்தி வான்ஹூஃப், எயால் ரோனன் என்ற இரு ஆய்வாளர்கள் அதிலும் குறைகளைக் கண்டார்கள், பெரும்பாலானவற்றை மென்பொருள் அப்டேட்டில் சரிசெய்தார்கள். ஆனால் கலந்த முறையில் ஓட்டினால் கருவியை டபிள்யூபிஏ2-வுக்கு இறக்கிவிடலாம், அப்போது பழைய கதைதான். ஆகவே டபிள்யூபிஏ3 வந்துவிட்டது, இனி மொபைல் நம்பரே போதும் என்று எண்ண வேண்டாம்.

டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள்

பட்டனை அழுத்தினால் இணையும் வசதி இது. பட்டன் பெரிய பிரச்சினை இல்லை, கூடவே வரும் எட்டு இலக்கப் பின் நம்பர்தான் பிரச்சினை. எட்டு இலக்கம் என்றால் பத்து கோடி இருக்க வேண்டும். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது, அதோடு ரவுட்டர் முதல் நான்கு இலக்கம் சரியா என்று தனியாகவே சொல்லிவிடுகிறது. ஆக 10,000 கூட்டல் 1,000, மொத்தம் 11,000 முயற்சிதான். 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபோக் இதை வெளியிட்டார். சில மணி நேரத்தில் பின் கிடைத்துவிடும், பின் கிடைத்தால் ரவுட்டரே பாஸ்வேர்டைக் கொடுத்துவிடும், நீங்கள் அகராதி புரட்டி எடுத்த ஐந்து சொல்லையும் சேர்த்து. 2014-ல் இதை நிமிடங்களாகக் குறைக்கும் வழியும் வந்தது. புதிய ரவுட்டர்கள் தவறான முயற்சிகளுக்குப் பிறகு பூட்டிக்கொள்கின்றன என்றாலும் அணைப்பதே நல்லது. சில பழைய ரவுட்டர்களில் அணைத்ததாகக் காட்டினாலும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, அப்படிப்பட்டவற்றை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

அப்டேட்

2017 அக்டோபரில் கிராக் என்ற வைஃபை தாக்குதலால் பெரிய பரபரப்பு எழுந்தது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் இருந்த அதே வான்ஹூஃப், ஹேண்ட்ஷேக்கின் மூன்றாவது செய்தியை மறுபடி மறுபடி அனுப்பினால் கருவி அதே சாவியை மீண்டும் நிறுவிக்கொண்டு பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும் எண்ணைத் தொடக்கத்துக்கு மாற்றிவிடும் என்று காட்டினார். டபிள்யூஇபியில் பார்த்த அதே நோய், ஒரே சாவி இரண்டு முறை. அப்போதைய ஆண்ட்ராய்டு 6 ஃபோன்கள் இன்னும் மோசம், முழுக்க பூஜ்யங்களான சாவியை நிறுவிக்கொண்டன. இதில் பாஸ்வேர்டு வெளியே போகாது, அதனால் பாஸ்வேர்டு மாற்றுவதால் பயனும் இல்லை. ஃபோனையும் லேப்டாப்பையும் அப்டேட் செய்வதுதான் மருந்து. 2021-ல் ஃபிராக்அட்டாக்ஸ் என்ற பெயரில் வெளியிட்ட ஆய்வுக்காக அவரே 75-க்கும் மேற்பட்ட கருவிகளைச் சோதித்தார், எல்லாவற்றிலும் குறைந்தது ஒரு குறை இருந்தது. ரவுட்டரின் ஃபர்ம்வேர் (அதன் உள்ளே ஓடும் மென்பொருள்) அப்டேட் பக்கத்தைத் திறந்து புதியது இருந்தால் போடுங்கள். தயாரிப்பாளர் அப்டேட் கொடுப்பதையே நிறுத்திவிட்ட மாடல் என்றால் அடுத்த முறை புதிது வாங்கும்போது டபிள்யூபிஏ3 உள்ளதா என்று பெட்டியிலேயே பார்த்து வாங்குங்கள்.

கெஸ்ட் நெட்வொர்க்

டபிள்யூபிஏ2-வில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர் உங்கள் ஹேண்ட்ஷேக்கையும் பதிவு செய்துவிட்டால், அந்த இணைப்பில் நீங்கள் அனுப்புவதை அவரால் பிரித்துப் பார்க்க முடியும். சுவரில் பாஸ்வேர்டு எழுதி ஒட்டியிருக்கும் டீக்கடையில் பூட்டு இருக்கிறது என்று நம்ப முடியாததற்கும் இதுதான் காரணம். வங்கி, மெயில் போன்றவை இன்று எச்டிடிபிஎஸ்ஸில் தனியாகக் குறியாக்கம் ஆகி வருவதால் உள்ளடக்கம் தப்பிக்கிறது, ஆனால் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆகவே வீட்டுக்கு வருபவர்களுக்குக் கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றைத் தனிப் பாஸ்வேர்டோடு போட்டுக் கொடுங்கள். மலிவான கேமரா, ஸ்மார்ட் பல்பு, அப்டேட்டே வராத பழைய டிவி எல்லாவற்றையும் அதிலேயே போடுங்கள். கேமராவுக்குள் யாராவது புகுந்தாலும் உங்கள் லேப்டாப்புக்கு அங்கிருந்து நேர்வழி இருக்காது.

செய்ய வேண்டாதவை இரண்டு. நெட்வொர்க் பெயரை மறைத்து வைப்பது பாதுகாப்பு இல்லை. உங்கள் ஃபோன் இணையும்போது பெயர் காற்றில் வரத்தான் செய்யும், போதாததற்கு ஃபோன் போகுமிடமெல்லாம் அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே போகும். மேக் முகவரி என்ற கருவியின் அடையாள எண்ணைப் பார்த்து அனுமதிக்கும் வடிகட்டியும் அப்படித்தான், அந்த முகவரி குறியாக்கம் இல்லாமல் வெளிப்படையாகப் போகிறது, யார் வேண்டுமானாலும் பார்த்துத் தன் கருவியில் வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டையும் செய்துவிட்டுப் பாஸ்வேர்டை அப்படியே விடுபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, அதே நேரத்தில் பாஸ்வேர்டை மாற்றியிருக்கலாமே.

எல்லாம் முடிந்ததும் ரவுட்டரில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்து வீட்டில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். தெரியாத பெயர் இருந்தால் உடனே பதற வேண்டாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் ஃபோன்கள் நெட்வொர்க்குக்கு ஏற்ப வேறு வேறு மேக் முகவரி காட்டுகின்றன, அதனால் உங்கள் ஃபோனே அடையாளம் தெரியாமல் நிற்கலாம். ஒவ்வொரு கருவியாக வைஃபையை அணைத்துப் பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும். எல்லாவற்றையும் அணைத்தும் மிஞ்சுவது ஒன்று இருந்தால் பாஸ்வேர்டை மறுபடி மாற்றுங்கள்.

கடைசியாக, வீட்டில் இருக்கும் ஒவ்வொரு ஃபோனையும் கேட்டு வாங்கி, சேமித்து வைத்த வைஃபை பட்டியலைத் திறந்து, ரயில் நிலையம், லாட்ஜ், காபிக் கடை, கல்யாண மண்டபம் என்று எப்போதோ இணைந்தவற்றை நீக்கிவிடுங்கள். பாஸ்வேர்டு இல்லாத நெட்வொர்க் என்றால் அதே பெயரில் யார் வேண்டுமானாலும் போலி ஒன்றைப் பரப்பலாம், ஃபோன் பெயரைப் பார்த்துத் தானாகவே போய் இணைந்துவிடும். இன்னும் அங்கெல்லாம் போகிறீர்கள் என்றால் நீக்க வேண்டாம், அந்த நெட்வொர்க்குக்குத் தானாக இணைவதை மட்டும் அணைத்து வையுங்கள்.